பிரசவத்துக்குத் துணை போகிறவர்களுக்கு: தாய்ப்பால் கொடுக்க உதவுவது எப்படி

பிரசவ வார்டில் தாயோடு கூட இருக்க பெரும்பாலும் ஒரே ஒரு ஆளைத்தான் விடுவார்கள். இந்த முறை அந்த ஒரு ஆள் நீங்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பெண்ணைப் பெற்ற அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், கல்யாணமாகாத தங்கையாகக்கூட இருக்கலாம். கட்டைப் பையில் ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர், கிழித்த பழைய புடவை எல்லாம் எடுத்து வைத்திருப்பீர்கள். ஆனால் முதல் பத்து நாளில் உங்கள் பெரிய வேலை கஞ்சி வைப்பதோ கஷாயம் காய்ச்சுவதோ இல்லை. குழந்தை தாயிடம் சரியாகப் பால் குடிக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான்.

வேலூரைச் சுற்றி அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமெல்லாம் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் பல வருஷம் போய் வந்தவள் நான். வாசலிலேயே வந்து நிற்கும் பேச்சு ஒன்றுதான்: "பாலே ஊறல நர்ஸம்மா, கொழந்த அய்துகினே கீது." உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தாய்க்குப் பால் இருக்கும். குழந்தை மார்பைப் பிடித்திருக்கும் விதம் தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவைதான் கொடுத்திருப்பார்கள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் எனக்கே இது நடந்தது. முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி, நான் இருந்த ஆஸ்பத்திரியில், "உனக்குப் பால் போதாதும்மா" என்று சொல்லிப் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். என் மார்பை ஒருவரும் பார்க்கவில்லை, குழந்தையின் வாயையும் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்குள் பால் வற்றிவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு ஒரு வயதான நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்தார். தலையணையை மாற்றி வைத்தார், குழந்தையைத் திருப்பிப் பிடித்தார். அவ்வளவுதான் செய்தார். அந்தக் குழந்தை இரண்டு வயதுக்கு மேலும் குடித்தது. அந்தக் கால் மணி நேரத்தை நீங்களும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வலி எடுப்பதற்கு முன்

இங்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு, மெல்லிய பருத்தித் துணி ஒரு டஜன், மூடியுள்ள சில்வர் கிண்ணம் ஒன்று, பாலாடை ஒன்று. பாலாடையைச் சில வீடுகளில் சங்கு என்பார்கள், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். குழந்தையால் நேராகக் குடிக்க முடியாமல் போனால் அதுதான் கை கொடுக்கும். பாட்டிலும் பால்பவுடர் டின்னும் வாங்கி வைக்க வேண்டாம். அலமாரியில் டின் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குக் கை அங்கேதான் போகும்.

காம்பு உள்ளே இழுத்த மாதிரி இருந்தாலோ, முன்பு மார்பில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ செக்கப்புக்குப் போகும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கொடுக்கும் அடையாள எண்) வாங்கியாகிவிட்டதா என்றும் பாருங்கள். அந்த எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் வரும்.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும். துடைத்த குழந்தையைத் துணி சுற்றாமல் தாயின் வெறும் மார்பின் மேல் கவிழ்த்துப் போட்டு, இருவருக்கும் மேலே ஒரு போர்வை போட்டால் போதும். தாயின் உடம்புச் சூடே குழந்தைக்குக் கணப்பு. கொஞ்ச நேரத்தில் தானாகவே தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி, மார்பைத் தேடிப் போகும். இதைப் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.

சிசேரியன் என்றாலும் இது முடியும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் விழித்துத்தான் இருப்பாள். வார்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் நர்ஸிடம் கேளுங்கள்: "குழந்தையை எப்போது போடலாம் சிஸ்டர்?" இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். அவளுக்கு அப்போது மயக்கமும் குளிரும் இருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, கொஞ்சமாக வரும். "இத்தனூண்டு எப்படிப் போதும்?" என்று மனசு பதறும். முதல் நாள் ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லிதான் குழந்தை குடிக்கும். பெரிய அளவாக வைத்துக்கொண்டாலும் இரண்டு டீஸ்பூன். அதன் வயிறுக்கு அது போதும். நோய் எதிர்ப்புச் சத்து அதில் நிறைந்திருக்கிறது, குடலில் இருக்கும் கறுப்பு மலத்தையும் அதுதான் வெளியே தள்ளும். கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. கொட்ட விடாதீர்கள்.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தேன், தெருவில் விற்று வரும் கழுதைப்பால், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து வீடுகளில் மென்ற பேரீச்சம்பழம் என்று வரவேற்கும் முறை வீட்டுக்கு வீடு மாறும். எல்லாமே ஆசையில் செய்வது. ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் நரம்பையே தாக்கலாம், மற்றவற்றில் கையழுக்கும் வாயழுக்கும் சேர்ந்து போகும். பெரியவர்களிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். "ஆயா, நீ தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணு, வாய்க்கு மட்டும் ஆறு மாசம் கழிச்சு" என்று சொல்லிப் பாருங்கள். முதலிலேயே சொல்லி வைத்துவிட்டால் பெரும்பாலான ஆயாக்கள் கேட்டுக்கொள்வார்கள். குழந்தை பிறந்த பிறகு கையைத் தட்டிவிட்டால்தான் மனஸ்தாபம்.

வாயைப் பாருங்கள்

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் தாய் உட்காரும் விதம். முதுகுக்குச் சாய்மானம், மடியில் ஒரு தலையணை, காலுக்குக் கீழே ஒரு மணைக்கட்டை. அவள் குனிந்து குழந்தையிடம் போகக் கூடாது, குழந்தைதான் அவள் உயரத்துக்கு வர வேண்டும். குழந்தை மல்லாந்து கிடந்து கழுத்தை மட்டும் திருப்பிக் குடித்தால் விழுங்க முடியாது. நீங்களே கழுத்தைத் தோள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், தெரியும். அதனால் குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையை மட்டும் இல்லாமல் முழு உடம்பையும் தாங்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேராக இருக்க வேண்டும்.

இப்போது காம்பால் குழந்தையின் மேலுதட்டை லேசாக வருடச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். கொட்டாவி விடுகிற மாதிரி வாய் பெரிதாகத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையைச் சட்டென்று மார்போடு அணைக்க வேண்டும், கீழ்த்தாடை முதலில் பட வேண்டும். மார்பைக் குழந்தையின் வாய்க்குள் திணிக்கக் கூடாது. குழந்தையின் பின்தலையைப் பிடித்து அழுத்தவும் கூடாது, அழுத்தினால் அது எதிர்த்துத் தலையைப் பின்னால் தள்ளும். மார்பைத் தாங்குவதற்குக் கட்டை விரல் மேலே, மற்ற நான்கு விரல் கீழே. சிகரெட் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவே காம்பைப் பிடித்தால் பால் வரும் குழாய்களை நாமே அடைக்கிறோம்.

சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நான்கு அடையாளம் போதும். வாய் அகலமாகத் திறந்திருக்கும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். மோவாய் மார்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். குழந்தை காம்பை மட்டும் சப்பினால் பால் வராது, தாய்க்கு உயிர் போகிற வலி வரும். கறுப்பு வட்டத்தோடு சேர்த்து வாய் நிறைய எடுத்தால்தான் பால் இறங்கும்.

அப்புறம் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் வேகவேகமாகச் சப்பும். பால் இறங்கியதும் தாடை மெதுவாக, ஆழமாக அசையும், இரண்டு மூன்று சப்புக்கு ஒரு முறை "க்கு... க்கு..." என்று விழுங்கும் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பால் உள்ளே போகிறது. கன்னம் குழிந்தாலோ, நாக்கு "டப் டப்" என்று சொடுக்கினாலோ பிடி சரியில்லை. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். எடுக்கும்போது இழுக்காதீர்கள். தாய் கையைக் கழுவிவிட்டு, சுண்டு விரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்தால் பிடி விட்டுவிடும்.

குடித்து முடித்த காம்பையும் பாருங்கள். உருண்டையாக வந்தால் சரி. பேனா நிப்பு மாதிரி சாய்வாக நசுங்கி வந்தால் அடுத்த தடவை பிடியை மாற்ற வேண்டும். காம்பு வெடிப்புக்கு மருந்து தேடுவதற்கு முன் பிடியைத்தான் சரிசெய்ய வேண்டும். சோப்பு போட்டுக் கழுவாமல், கடைசியாக வந்த பாலில் ஒரு துளியைத் தடவிக் காற்றில் உலர விட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு மடியில் குழந்தையைப் போட்டால் தையல் வலிக்கும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கொடுக்கலாம். இல்லாவிட்டால் குழந்தையின் கால் முதுகுப் பக்கம் போகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடுக்கலாம். தலையணையைச் சரியாக வைப்பது உங்கள் வேலை.

"பால் போதலை" என்று சொல்வதற்கு முன்

பாலாற்று மணலில் ஊற்று தோண்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே பார்த்தால் வெறும் மணல். கையால் குழி பறித்து, முதலில் வரும் கலங்கலை இறைத்து ஊற்ற ஊற்ற அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இறைக்காமல் விட்டால் மணல் சரிந்து மூடிக்கொள்ளும். மார்பும் அப்படித்தான். குழந்தை சப்பச் சப்ப, மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் வந்து பாலை ஊற வைக்கிறது. ராத்திரியில் அது கூடுதலாகச் சுரக்கும், அதனால் ராத்திரிப் பாலை நிறுத்தக் கூடாது. மார்பில் பால் தேங்கினால் "போதும்" என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துவிடும். நடுவில் ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும், அந்த மூன்று மணி நேரமும் மார்பு இறைக்கப்படாமல் கிடக்கும். மறுநாள் பால் குறையும், இன்னொரு பாட்டில் சேரும்.

அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், குழந்தையைப் பாருங்கள். கையை வாயில் வைக்கும், தலையை அப்படியும் இப்படியும் திருப்பும், நாக்கை நீட்டும். அப்போதே எடுத்துப் போடுங்கள். வீறிட்டு அழ ஆரம்பித்த பிறகு அதற்குப் பிடிக்கத் தெரியாது, முதலில் தோளில் போட்டு அமைதியாக்க வேண்டும். ஒரு பக்கம் தானாக விடும் வரை குடிக்கட்டும், பிறகு மறுபக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சில குழந்தைகள் அரை மணிக்கு ஒரு தரம் கேட்கும். அது பால் இல்லாததால் இல்லை, ராத்திரிக்குச் சேர்த்துக் குடிக்கிறது.

பால் போகிறதா என்பதற்கு அழுகை சாட்சி இல்லை. மூத்திரத் துணிதான் சாட்சி. முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு துணி நனைய வேண்டும். தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள். பால் இல்லை என்று யார் சொன்னாலும் அந்தத் தாளைக் காட்டலாம். முதல் வாரம் டயப்பர் போடாமல் துணி கட்டுவது இதற்காகத்தான், டயப்பரில் எத்தனை தடவை போனது என்று தெரியாது. மலம் தார் மாதிரி கறுப்பில் தொடங்கி, பச்சையாகி, நான்கைந்து நாளில் கடுகு மஞ்சளுக்கு வர வேண்டும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே இருந்தால் பால் போதுமான அளவு போகவில்லை, காட்ட வேண்டும்.

எடை முதலில் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். 3 கிலோவில் பிறந்த குழந்தை 2 கிலோ 800 வரை வருவது சகஜம். 2 கிலோ 700-க்கு வந்துவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரே தராசில் பாருங்கள், தராசுக்குத் தராசு நூறு கிராம் மாறும்.

உண்மையிலேயே பால் குறைவான தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் பழைய ஆபரேஷன் என்று காரணம் இருக்கும். டாக்டர் பார்த்து வேறு பால் சேர்க்கச் சொன்னால் சேர்க்கத்தான் வேண்டும், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. நான் சொல்வது, பார்க்காமல் சொல்லக் கூடாது என்பதுதான். பால்பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ல் வந்த சட்டம் தடை செய்கிறது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். யாராவது இலவச டின் நீட்டினால் வாங்க வேண்டாம்.

மூன்றாம் நாள், நான்காம் நாள்: பால் கட்டிக்கொண்டால்

குடியாத்தம் பக்கம் ஒரு வீடு. ஆபரேஷன் ஆகி நாலாம் நாள் வீட்டுக்கு வந்த பெண், கண்ணீரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பு இரண்டும் கல் மாதிரி, தோல் பளபளவென்று மின்னியது. குழந்தை வாயை வைத்து வைத்து வழுக்கி விழுந்து கத்தியது. அவள் அம்மா பால்பவுடர் வாங்கி வர மகனைக் கடைக்கு அனுப்பிவிட்டார். நான் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு நிமிஷம் வைத்தேன். கையைக் கழுவி, அவள் விரலை எடுத்துக் காம்பைச் சுற்றி மென்மையாக அழுத்த வைத்தேன். கட்டை விரல் மேலே, ஆட்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி. முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்து, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கு, விடு. அழுத்து, அமுக்கு, விடு. ஒரு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் சொட்டு, அப்புறம் கிண்ணத்தின் அடியில் "சர்" என்று ஒரு கோடு. கறுப்பு வட்டம் மெத்தென்று இளகியதும் குழந்தையைப் போட்டோம், பிடித்துக்கொண்டது. மகன் டின்னோடு வந்து நிற்கும்போது வீட்டில் விழுங்கும் சத்தம்தான் கேட்டது. டின்னைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் அந்த அம்மா.

குடித்து முடித்த பிறகு வீக்கத்துக்கு ஈரத் துணி, குளிர்ந்த துணி வைக்கலாம். மார்பை அழுத்தி உருட்டித் தேய்க்கக் கூடாது, உள்ளே வீக்கம் கூடும். பீய்ச்சுவதும் வலி தணியும் அளவுக்கு, பிடி கிடைக்கும் அளவுக்கு மட்டும்.

இங்கே மல்லிகைப் பூ பற்றி ஒரு வார்த்தை. பால் கட்டினால் மார்பில் மல்லி கட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது வெறும் நம்பிக்கை இல்லை. 1988-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மல்லிகைப் பூவைப் பால் நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பூவும் பால் சுரப்பைக் குறைத்தது. குழந்தையை இழந்த தாய்க்கு அது உதவலாம். பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு மார்பில் பூ கட்டாதீர்கள். தலையில் ஆசையாக வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு இடம் மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் சீழ் பிடிப்பதற்கு முன் டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் "பால் கொடுக்கிறாள்" என்று சொன்னால் அதற்கேற்ற மருந்து தருவார். வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், காசநோய், எச்.ஐ.வி. இருப்பவர்களும் வீட்டில் முடிவெடுக்காமல் சிகிச்சை எடுக்கும் இடத்திலேயே கேட்க வேண்டும். பால் கொடுக்க வழி அங்கே சொல்லித் தருவார்கள்.

பெற்றவளுக்குச் சாப்பாடும் தூக்கமும்

பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கிறார்கள். "தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும், தையல்ல சீழ் பிடிக்கும்" என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டும் நடக்காது. குழந்தை வளர வளர அவள் ஒரு நாளைக்குச் சுமார் முக்கால் லிட்டர் பால் சுரக்கிறாள், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் கை எட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும், வற்புறுத்த வேண்டாம்.

பத்தியத்தில் நல்லதும் இருக்கிறது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு, எள்ளுருண்டை எல்லாம் கொடுங்கள். அவற்றால் மட்டும் பால் ஊறிவிடாது, ஆனால் உடம்பு தேறும். இரண்டு இட்லியும் மிளகு ரசமும் மட்டும் கொடுத்து ஒரு மாதம் ஓட்டுவதுதான் தப்பு. கர்ப்ப காலத்தைவிட இப்போதுதான் அவளுக்குப் பசி அதிகம். முட்டை, பருப்பு, பழம், கீரை, கேழ்வரகுக் களி எல்லாம் வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் அரிக்கும் என்று ஒதுக்குவார்கள். அது இல்லாமலும் சமாளிக்கலாம், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் விடாமல் போட வேண்டும்.

தூக்கம் கெட்டு, பேச்சு கேட்டு மனசு நொந்தால் பால் இறங்குவது தடைப்படும். பாலை ஊற வைக்கும் ஹார்மோன் வேறு, ஊறிய பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் வேறு. பயமும் அழுகையும் இந்த இரண்டாவதைத்தான் நிறுத்திவைக்கும். அதனால் பார்க்க வருகிறவர்கள் "பால் இருக்கா?" என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு "நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள். ராத்திரி துணி மாற்றுவது, ஏப்பம் எடுக்க வைப்பது, தூளியில் போடுவது எல்லாம் அப்பாவுக்கும் தெரிந்த வேலைதான். அவரை எழுப்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அவள் சும்மா சும்மா அழுதாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ அது திமிர் இல்லை, நோய். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வேலூர் வெயிலில் "நாக்கு வறளுது, ஒரு பாலாடை தண்ணி ஊத்து" என்று கேட்காத ஆயா இல்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அக்னி நட்சத்திரத்திலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குச் சொட்டுத் தண்ணீர் வேண்டாம், தடவையைக் கூட்டிப் பால் கொடுத்தால் போதும். கிரைப் வாட்டர், உரைமருந்து, மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலாகி வந்த குழந்தைகளைப் பார்த்தவள் நான். டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

குழந்தை எழுப்பினாலும் எழாமல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. உடம்பு சூடாவது, இல்லாவிட்டால் கையும் காலும் வயிறும் சில்லென்று ஆவது. மூச்சு நிமிஷத்துக்கு 60-க்கு மேல் ஓடுவது, நெஞ்சு உள்வாங்குவது. வலிப்பு. மஞ்சள் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இறங்குவது, முதல் நாளிலேயே மஞ்சள் வருவது. தாய்க்கு அதிக ரத்தப்போக்கு, காய்ச்சல், கண் இருட்டிக் கடும் தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது. எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கொண்டு போங்கள்.

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தை பசித்தும் அழாது, தூங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் இங்கேதான் பாலை நிறுத்திவிடுகிறார்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளையும் சட்டத்தில் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். கேட்கத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். பீடி சுற்றும் வீடுகளில் முறத்தைத் தள்ளி வைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவி, புகையிலைத் தூள் பட்ட சேலையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்க வேண்டும். பயணத்தில் இருந்தால், பேருந்து நிலையங்களில் 2015-லிருந்து பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் சாவி கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே கையால் பால் எடுத்துப் பழக வேண்டும். காலையில் கிளம்பும்முன் ஒரு தரம் நேராகக் கொடுத்துவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய சில்வர் கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கலாம். அறைச் சூடு 25 டிகிரிக்குள் இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். நம் ஊர் மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்த உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மேலே ஆடை மாதிரி பிரிந்து நிற்கும், கெட்டுப்போகவில்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துக் குளிர் எடுத்தால் போதும்.

பாலாடையில் கொடுக்கும்போது குழந்தையைப் படுக்க வைக்காமல் மடியில் முக்கால்வாசி நிமிர்த்தி உட்கார வையுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் கடைவாய்ப் பக்கமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் வரை மட்டும் சாய்க்க வேண்டும். தொண்டையில் ஊற்றக் கூடாது. நாக்கு தானாக வெளியே வந்து வழித்துக்கொள்ளும். ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். கால் மணி நேரம், இருபது நிமிஷம் ஆகலாம், டி.வி.யை நிறுத்திவிட்டு உட்காருங்கள். வாயை மூடி முகத்தைத் திருப்பினால் வயிறு நிறைந்துவிட்டது, மிச்சத்தை வற்புறுத்த வேண்டாம்.